நானோ ஸ்ப்ரே முனைக்குப் பாலிமர் பூசுவது எப்படி: முதன்முறை செய்பவர்களுக்கு

நானோ எலெக்ட்ரோஸ்ப்ரே முனை என்பது, மாதிரிக் கரைசலை உயர் மின்னழுத்தத்தால் நுண்துளிகளாகத் தெளித்து, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் (மாஸ் ஸ்பெக்) அனுப்பும் மெல்லிய கண்ணாடிக் குழாய். அதற்குப் பாலிமர் பூசலாமா என்று தேடி வந்திருக்கிறீர்கள் என்றால், இரண்டில் ஒன்று நடந்திருக்கும். தங்கப் பூச்சு சில மணி நேரத்தில் உரிந்து போயிருக்கும். அல்லது தண்ணீர் அதிகமுள்ள கரைசல் முனையின் வெளிச்சுவரில் ஏறிப் படர்ந்து ஸ்ப்ரே ஓரிடத்தில் நிலைக்காமல் அலைந்திருக்கும். இரண்டும் வெவ்வேறு நோய்கள். ஒன்றின் மருந்து மற்றதைக் குணப்படுத்தாது. இது புரியாமல்தான் பலர் வாரக்கணக்கில் முனைகளைப் பூசிப் பூசி எறிகிறார்கள்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். பூச்சு தானாக எந்த அயனியையும் உண்டாக்காது. மின்புலம் இழுப்பதால் முனையின் வாயில் உருவாகும் திரவக் கூம்பின் அடி எங்கே நிற்க வேண்டும், மின்னோட்டம் எந்த இடத்தில் திரவத்துக்குள் இறங்க வேண்டும் என்ற இரண்டைத்தான் அது தீர்மானிக்கிறது. மின்புலம், துளியின் அளவு, கிடைக்கும் அயனி எல்லாம் இந்த இரண்டின் பின்விளைவு.

1. எந்தப் பூச்சு என்று முடிவு செய்யுங்கள்

உங்கள் மின்னழுத்தம் எங்கே இணைகிறது என்று பாருங்கள். முனையின் வெளிப்புறத்தில் கிளிப் மாட்டி அங்கிருந்து கொடுக்கிறீர்கள் என்றால் மின்கடத்தும் பூச்சு வேண்டும். இதற்குப் பாலிஅனிலின் நல்ல தேர்வு. தங்கம் ஏன் உரிகிறது? நேர்மின் முறையில், அதாவது முனைக்கு நேர்மின்னழுத்தம் கொடுக்கும்போது, முனை ஓர் ஆனோடு (நேர்மின்வாய்). அங்கே ஏதோ ஒன்று ஆக்சிஜனேற்றம் ஆகியே தீர வேண்டும். மெல்லிய தங்கப் படலத்தின் விளிம்பு கரையும், அடியில் வாயுக் குமிழ் உண்டாகி மிச்சத்தைக் கிளப்பிவிடும். ஒரு மின்பொறி விழுந்தால் அதோடு கதை முடிந்தது. பாலிஅனிலின் அந்த ஆக்சிஜனேற்றத்தில் ஒரு பங்கைத் தானே தாங்கிக்கொள்ளும். கண்ணாடியை விட்டும் எளிதில் கிளம்பாது.

மின்னழுத்தம் பின்னால் உள்ள உலோக இணைப்பு வழியாகத் திரவத்துக்கே போகிறது, ஆனால் திரவம் வெளியே படர்கிறது என்றால், நீரை ஒதுக்கும் மின்காப்புப் பூச்சு வேண்டும். டெஃப்லான் ஏ.எஃப்., பாரிலீன் சி இரண்டும் இதற்கு ஏற்றவை. நீரின் தொடுகோணம் (துளியின் விளிம்பு பரப்போடு செய்யும் கோணம்; பெரிதாக இருந்தால் நீர் ஒதுங்கும்) முன்னதில் சுமார் 105 பாகை, பின்னதில் 90-ஐ ஒட்டி. சுத்தமான கண்ணாடியில் அது பூஜ்யத்துக்குப் பக்கம்.

வித்தியாசம் எவ்வளவு என்று கணக்கே சொல்லும். ஸ்ப்ரே தொடங்கத் தேவையான மின்னழுத்தம், பரப்பு இழுவிசையையும் கூம்பு அடியின் ஆரத்தையும் பெருக்கி அதன் வர்க்கமூலம் எடுத்து, அதை 1.92 லட்சத்தால் பெருக்கி, மீண்டும் (4 × இடைவெளி ÷ ஆரம்) என்பதன் இயல் மடக்கையால் பெருக்கினால் வரும். எல்லாம் மீட்டரிலும் நியூட்டனிலும் இருக்க வேண்டும். உள்துளை 20 மைக்ரான், வெளிவிட்டம் 90 மைக்ரான், எதிர்த்தகடு 5 மில்லிமீட்டரில், கரைசல் வெறும் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூம்பு உள்விளிம்பில் நின்றால் சுமார் 1,240 வோல்ட் போதும். தண்ணீர் வெளிவிளிம்பு வரை படர்ந்துவிட்டால் சுமார் 2,100 வோல்ட். அதே முனை, அதே கரைசல்; கூடுதலாகக் கேட்கும் 860 வோல்ட்டும் படர்ந்த தண்ணீருக்குக் கட்டும் அபராதம். அந்த உயரத்துக்குப் போகும்போது ஸ்ப்ரேயைவிட கொரோனா மின்னிறக்கம் (நுனியைச் சுற்றியுள்ள காற்றே மின்சாரம் கடத்தத் தொடங்குவது) முந்திக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

பி.டி.எம்.எஸ். சிலிக்கோனை மட்டும் தொடாதீர்கள். பூசுவது சுலபம், நீரையும் நன்றாக ஒதுக்கும். ஆனால் அதிலிருந்து கசியும் சுழல் சிலாக்சேன்கள் நிறை-மின்சுமை விகிதம் 371.10, 445.12, 519.14 என்று நிறமாலையில் வரிசையாக வந்து உட்கார்ந்துவிடும்.

கீழே பாலிஅனிலினுக்கான முழு வழிமுறை இருக்கிறது. டெஃப்லானுக்கு எங்கே மாற வேண்டும் என்று ஆறாம் படியில் பார்க்கலாம். பாரிலீனுக்கு வெற்றிட ஆவிப்படிவு இயந்திரம் தேவை. பெரும்பாலோர் வெளியே கொடுத்துத்தான் பூசி வாங்குகிறார்கள். ஒரு முனை வைத்தாலும் நூறு வைத்தாலும் இயந்திரம் ஓடும் நேரம் ஒன்றுதான், எனவே சேர்த்துக் கொடுங்கள்.

2. எழுத்து வேலை

வேலை தொடங்கும் முன் மூன்று தாள்கள் கையில் இருக்க வேண்டும்: பாலிஅனிலினைக் கரைக்கும் என்.எம்.பி. (என்-மெத்தில் பைரோலிடோன்) கரைப்பானின் பாதுகாப்புத் தரவுத் தாள், உங்கள் ஆய்வகத்தின் உயர் மின்னழுத்த அனுமதி, ஒரு பதிவேடு.

என்.எம்.பி. இனப்பெருக்க நலத்துக்குத் தீங்கு செய்யக்கூடியது. கருவுற்றிருப்பவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். தோல் வழியாகவும் உள்ளே போகும். ஆய்வகத்தில் எல்லோரும் மாட்டும் நைட்ரைல் கையுறை இதற்குப் போதாது. ப்யூட்டில் ரப்பர் கையுறை கேட்டு வாங்குங்கள்.

பதிவேட்டில் ஒவ்வொரு முனைக்கும் ஓர் எண், துளை விட்டம், பூச்சுக் கரைசல் தயாரித்த நாள், எத்தனை முறை முக்கியது, உலர்த்திய வெப்பநிலை, மின்தடை, ஸ்ப்ரே தொடங்கிய மின்னழுத்தம் ஆகியவை இருக்கட்டும். மூன்று வாரம் கழித்து “அந்த நல்ல முனையை எப்படிச் செய்தோம்” என்று கேட்கும்போது இதன் அருமை தெரியும்.

3. பொருட்களும் நேரமும்

வெளிவிட்டம் 360 மைக்ரான், உள்விட்டம் 75 மைக்ரான் கொண்ட சிலிக்கா நுண்குழாய், முனையில் சுமார் 10 மைக்ரான் துளைக்குச் சூடாக்கி இழுத்தது. எமரால்டீன் பேஸ் வடிவப் பாலிஅனிலின் தூள் (அமிலம் ஏறாத, இன்னும் மின்கடத்தாத நிலை). என்.எம்.பி. 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம். 0.45 மைக்ரான் டெஃப்லான் சிரிஞ்ச் வடிகட்டி. அழுத்தம் குறைத்துத் தரக்கூடிய நைட்ரஜன். நுண்ணோக்கி, மல்டிமீட்டர், 10 மெகாஓம் உயர் மின்னழுத்தத் தடை ஒன்று, 1 மெகாஓம் சாதாரணத் தடை ஒன்று.

செலவில் பெரும்பகுதி நுண்குழாய்க்கும் வீணாகும் முனைகளுக்கும்தான். 20 மில்லிகிராம் பாலிமர் பல டஜன் முனைகளுக்கு வரும். எனவே கஞ்சத்தனம் பாலிமரில் வேண்டாம், முனை இழுப்பதில் காட்டுங்கள். மொத்தம் இரண்டு நாள் ஆகும். கை வைக்க வேண்டிய நேரம் மூன்று மணிக்குள் அடங்கும், மற்றதெல்லாம் காத்திருப்பு.

4. முனையைச் சுத்தம் செய்யுங்கள்

சிலிக்கா நுண்குழாய் வாங்கும்போதே அதன் வெளியே பழுப்பு நிறப் பாலிஇமைடு உறை இருக்கும். இழுக்கும் முன் கடைசி 2 முதல் 3 சென்டிமீட்டரை எரித்து, கரியை மெத்தனால் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள். முனைக்குப் பக்கத்தில் உறையின் கிழிந்த விளிம்பு மிச்சமிருந்தால் அது அசிட்டோநைட்ரைலில் ஊதிப் பெருக்கும். அதன்மேல் பூசியதும் சேர்ந்து விரிசல் விடும்.

இழுத்த பிறகு வெளிப்புறத்தை மெத்தனால், 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, தண்ணீர், மெத்தனால் என்ற வரிசையில் கழுவி 100 பாகை செல்சியசில் அரை மணி உலர்த்துங்கள். பூச்சு ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் குற்றம் அழுக்குக் கண்ணாடியுடையது. கழுவியபின் முனையை விரலால் தொட்டால் மறுபடி முதலிலிருந்து.

5. கரைசல்

1 மில்லிலிட்டர் என்.எம்.பி.க்கு 20 மில்லிகிராம் எமரால்டீன் பேஸ். தூளைக் கல்வத்தில் நன்றாக அரைத்து, கரைப்பான் சுழன்றுகொண்டிருக்கும்போதே சிட்டிகை சிட்டிகையாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் வெளியே ஈரமாகி உள்ளே உலர்ந்த கட்டிகள் உருவாகும், அவை கரையவே கரையாது. நான்கு மணி நேரம் கலக்கினால் அடர்நீலக் கரைசல் கிடைக்கும்.

வடிகட்டியில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். செல்லுலோஸ் அசிட்டேட் வடிகட்டி என்.எம்.பி.யில் கரையும், பி.வி.டி.எஃப். வடிகட்டியும் கரையும். கரைந்த வடிகட்டி பூச்சோடு சேர்ந்து முனையில் ஏறும், வெளியிலிருந்து எதுவும் தெரியாது. டெஃப்லான் மட்டுமே.

இந்தக் கரைசல் நாள்பட ஜெல்லாகும். செறிவு கூடக் கூட வேகமாக ஆகும். அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே செய்யுங்கள். குப்பியைச் சாய்த்தால் கரைசல் சற்றுத் தயங்கி நகர்கிறது என்றால் அதைக் கழிவுக் கலனில் ஊற்றிவிடுங்கள்.

6. பூசுதல்

முழு வேலையின் உயிர்நாடி இந்தப் படிதான். திறந்த நுண்துளையைத் திரவத்தில் முக்கினால் திரவம் தானாக உள்ளே ஏறும், உலர்ந்ததும் அடைப்பாகும். அதைத் தடுக்கப் பின்பக்கமிருந்து நைட்ரஜன் ஊதிக்கொண்டே முக்க வேண்டும். எவ்வளவு அழுத்தம்? பரப்பு இழுவிசையை நான்கால் பெருக்கி, துளை விட்டத்தால் வகுத்தால் வரும் அழுத்தத்தைத் தாண்டினால் போதும். என்.எம்.பி.க்குப் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 0.041 நியூட்டன். 10 மைக்ரான் துளைக்கு 16 கிலோபாஸ்கல், அதாவது 0.16 பார். 2 மைக்ரான் துளை என்றால் 82 கிலோபாஸ்கல். ஊகத்தில் ஊதாமல் இந்தக் கணக்கின் இரண்டு மடங்கில் வையுங்கள். அதற்கு மேல் போனால் குமிழ்கள் பெரிதாகி, முனையைச் சுற்றிப் பூச்சில் பள்ளம் விழும்.

முனையைக் கீழ்நோக்கிப் பிடித்து, குமிழ் வருவதை உறுதிசெய்து, இழுத்த கூம்புப் பகுதி முழுவதும் மூழ்கி அதற்கு மேல் 2 சென்டிமீட்டர் வரை இறக்குங்கள். ஐந்து விநாடி. பிறகு விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற நிதானத்தில் தூக்குங்கள். முனையின் கடைசியில் ஒரு நீலத் துளி தொங்கும். அதை அப்படியே உலர விட்டால் நுனியில் உருண்டை உண்டாகிக் கூம்பின் அடி அகலமாகிவிடும். இத்தனை பாடும் எதைத் தவிர்க்கவோ அதுவே வந்து நிற்கும். எனவே தூக்கியவுடன் முனையைத் தலைகீழாகத் திருப்பி மேல்நோக்கி வையுங்கள். துளி தானாக வழிந்து தடித்த உடல் பகுதிக்கு இறங்கிவிடும். நைட்ரஜனை இப்போதும் நிறுத்தக் கூடாது. முதல் பத்து நிமிட உலர்த்தல் வரை ஓடட்டும்.

என்.எம்.பி. கொதிப்பது 202 பாகையில், அதனால் காற்றில் உலரும் என்று காத்திருக்காதீர்கள். 80 பாகை அடுப்பில் இரண்டு மணி நேரம், பிறகு இரண்டாவது முறை முக்கி மீண்டும் இரண்டு மணி நேரம், இரவு முழுவதும் 60 பாகை வெற்றிட அடுப்பில். இங்கே அவசரப்பட்டால் பின்னால் நிறமாலையில் 100.076-இலும் 199.144-இலும் பெரிய உச்சிகள் தெரியும். இரண்டும் என்.எம்.பி.தான்: ஒரு மூலக்கூறு ஒரு புரோட்டான் ஏற்றது ஒன்று, இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு புரோட்டான் ஏற்றது மற்றது.

மூன்றாவது, நான்காவது பூச்சு வேண்டாம். மின்கடத்தல் கூடட்டும் என்று பலர் தடிமனாக்குகிறார்கள். தேவையே இல்லை என்பதற்கு எட்டாம் படியில் எண் இருக்கிறது.

டெஃப்லான் ஏ.எஃப். பூசுபவர்கள் ஐந்தாம் படிக்குப் பதில் ஃப்ளூரின் கரைப்பானில் 1 சதவீதக் கரைசல் எடுங்கள். ஊதுவதும் தலைகீழாகத் திருப்புவதும் இதே போல. இது வெறும் கண்ணாடியில் சரியாக ஒட்டாது, அதற்கு முன் ஃப்ளூரோசிலேன் பூச்சு ஒன்று வேண்டும். 1600 வகைக்குக் கண்ணாடிநிலை மாறும் வெப்பநிலை 160 பாகை, எனவே கடைசியில் 165 முதல் 170 பாகையில் பத்து நிமிடம் வைத்தால் படலம் ஒன்றாகச் சேரும். நீங்கள் ஏழாம் படியைத் தாண்டிவிடலாம்.

7. நீலத்தைப் பச்சையாக்குங்கள்

உலர்ந்த படலம் நீலமாக இருக்கும், அது மின்கடத்தாது. 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், பின்னாலிருந்து நைட்ரஜனோடுதான், ஒரு மணி நேரம் வைத்தால் பச்சையாகும். பச்சை என்றால் கடத்தும் நிலை. கண்ணாலேயே தெரியும் இந்த வசதி தங்கத்தில் கிடையாது.

அடுத்த கண்ணி: கழுவுவதாக நினைத்துச் சுத்தமான தண்ணீரில் அமுக்கி வைப்பது. அமிலம் வெளியேறிப் படலம் மறுபடி நீலத்துக்குத் திரும்பும். 0.01 மோலார் அமிலத்தில் லேசாக அலசி, நைட்ரஜனில் உலர்த்துங்கள். அடுப்பில் வைக்க வேண்டாம், சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு ஆவியாகிவிடும்.

8. மின்னழுத்தம் கொடுக்கும் முன் இரண்டு சோதனைகள்

துளை திறந்திருக்கிறதா? முனையை மெத்தனாலில் முக்கி அழுத்தத்தை மெல்ல ஏற்றுங்கள். முதல் குமிழ் வரும் அழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் எழுதி, 90-ஐ அதால் வகுத்தால் துளை விட்டம் மைக்ரானில் கிடைக்கும். 9 கிலோபாஸ்கலில் குமிழ் வந்தால் 10 மைக்ரான், எல்லாம் நலம். 18-இல்தான் வருகிறது என்றால் துளை பாதியாகிவிட்டது. 50 தாண்டியும் வரவில்லை என்றால் அந்த முனையை மறந்துவிடுங்கள், என்.எம்.பி. விட்டுக் கரைத்து மீட்கலாம் என்று உட்கார்ந்தால் ஒரு மதியம் போகும்.

மின்தடை எவ்வளவு? கிளிப் மாட்டும் இடத்திலும் கண்ணாடி கூம்பாகக் குறுகத் தொடங்கும் இடத்திலும் மல்டிமீட்டர் கம்பியை மெதுவாக வையுங்கள், நுனியில் வைத்து உடைக்காதீர்கள். நானோ ஸ்ப்ரேயின் மின்னோட்டம் 100 நானோஆம்பியர் அளவில்தான். 10 மெகாஓம் தடையில் அது இழக்கும் மின்னழுத்தம் 1 வோல்ட். ஆயிரத்துச் சொச்சம் வோல்ட்டில் 1 வோல்ட் போனால் யாருக்குத் தெரியும்? 1 ஜிகாஓம் ஆனால் 100 வோல்ட் போகும், அப்போதுதான் கவலை. மீட்டரில் 10 மெகாஓமுக்குக் கீழே எந்த எண் வந்தாலும் தேர்ச்சி.

கிளிப்பின் பல் பூச்சைச் சுரண்டும். நடுவில் ஒரு சுற்று கார்பன் டேப் அல்லது கிராஃபைட் ஃபெரூல் (சிறு வளையம்) வையுங்கள்.

9. முதலில் மேசைமேல் ஓட்டுங்கள்

நேராக மாஸ் ஸ்பெக்கில் மாட்டாதீர்கள். ஓர் உலோகத் தகடு, முனையிலிருந்து 5 மில்லிமீட்டர். உயர் மின்னழுத்த மூலத்துக்கும் முனைக்கும் நடுவில் 10 மெகாஓம் தடை. கை தவறினாலும் 2 கிலோவோல்ட்டில் 0.2 மில்லிஆம்பியருக்கு மேல் போகாது. தகட்டை 1 மெகாஓம் தடை வழியாக நிலத்தில் இணைத்து அதன் குறுக்கே மல்டிமீட்டர் வையுங்கள். 100 நானோஆம்பியருக்கு 100 மில்லிவோல்ட் காட்ட வேண்டும். ஆனால் மீட்டரின் சொந்த உள்ளீட்டுத் தடை 10 மெகாஓம் என்பதால் 91 தான் காட்டும். காட்டுவதை 1.1 ஆல் பெருக்குங்கள்.

கரைசல்: பாதி மெத்தனால், பாதி தண்ணீர், 0.1 சதவீதம் ஃபார்மிக் அமிலம். நிமிடத்துக்கு 300 நானோலிட்டர். 700 வோல்ட்டில் தொடங்கி 50, 50 ஆக ஏற்றுங்கள். ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் நிற்க வேண்டும். முதலில் துடிப்புத் துடிப்பாக வரும். பிறகு ஒரு கட்டத்தில் மின்னோட்டம் அசையாமல் நிற்கும், நுண்ணோக்கியில் கூம்பு கூர்மையாகத் தெரியும். அந்த மின்னழுத்தத்தையும், அது கலையும் மேல் எல்லையையும் பதிவேட்டில் எழுதுங்கள். திரும்பி இறங்கும்போது ஸ்ப்ரே நிற்கும் இடம் தொடங்கிய இடத்தைவிடக் கீழே இருக்கும். அது இயல்பு.

மின்னோட்டம் திடீரென்று மைக்ரோஆம்பியருக்குத் தாவினால் அது கொரோனா. விளக்கை அணைத்துப் பார்த்தால் நுனியில் ஊதா ஒளி தெரியும். உடனே இறக்குங்கள், சில நிமிட ஒளிர்வு பாலிமரின் நுனியைக் கருக்கிவிடும்.

காப்புப் பூச்சு முனைகளில் ஒரு தனித் தொல்லை உண்டு. பாரிலீன் மாதிரிப் படலத்தின் மேல் தெறித்துத் தங்கும் மின்சுமை வடிந்து போக மணிக்கணக்காகும், அதன் மின்தடைத்திறன் அவ்வளவு. காலையில் நேர்மின்முறையில் ஓட்டிவிட்டு உடனே எதிர்மின்முறைக்கு மாற்றினால் பழைய சுமை முனையருகே புலத்தைத் திருகி வைத்திருக்கும். ஸ்ப்ரே ஒருபக்கம் சாயும். முனையில் கோளாறு என்று நினைத்து எறிய வேண்டாம். மெத்தனாலால் வெளிப்புறத்தை நனைத்து உலர்த்துங்கள், அல்லது நேர்மின்முறைக்கு ஒன்று, எதிர்மின்முறைக்கு ஒன்று என்று தனி முனை வைத்துக்கொள்ளுங்கள்.

10. மாஸ் ஸ்பெக்கில்

கருவியைச் சோதிக்க வழக்கமாகப் பயன்படுத்தும் ரெசர்பைன் என்ற சேர்மம், 1 மைக்ரோமோலார், அதே கரைசலில். 609.28-இல் உச்சி வர வேண்டும். முதலில் வெறும் கரைசலை ஓட்டிப் பின்னணியைச் சேமியுங்கள். 55-இலும் 65-இலும் தண்ணீர், மெத்தனால் கொத்துகள் ஓங்கி, ரெசர்பைன் அமுங்கியிருந்தால் நீங்கள் பார்ப்பது ஸ்ப்ரேயின் அயனி இல்லை, மின்னிறக்கத்தின் அயனி. மின்னழுத்தத்தைக் குறையுங்கள்.

அடுத்து 1 மில்லிமோலார் உப்பு சேர்த்த மாதிரியை ஓட்டி, 631.26-இல் வரும் சோடியம் ஒட்டிய உச்சியை 609.28-உடன் ஒப்பிடுங்கள். பூசாத முனையிலும் பூசிய முனையிலும் இந்த விகிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் பூச்சு உண்மையில் என்ன செய்தது என்று தெரியும். கூம்பின் அடி சிறிதானால் துளியும் சிறிதாகும், ஒரு துளிக்குள் மாட்டும் உப்பும் குறையும். மொத்த எண்ணிக்கை கூடியதா என்று மட்டும் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். முனை அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே அது மாறிவிடும்.

11. கெடும்போது

நுனி நீலமானால் அமிலத்தில் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். பச்சை திரும்பினால் அமிலம் மட்டும்தான் வெளியேறியிருந்தது. அமோனியா சேர்த்த காரக் கரைசல்களில் இது அடிக்கடி நடக்கும், பி.எச். 4-ஐத் தாண்டினாலே பாலிஅனிலின் கடத்துவதை விடத் தொடங்கும், அந்த வேலைக்கு இந்தப் பூச்சே பொருத்தமில்லை. நீலம் ஊதாவாகி, அமிலத்துக்கும் மசியவில்லை என்றால் அளவுக்கு மீறி ஆக்சிஜனேற்றம் ஆகிவிட்டது. எதிர்மின்முறையில் நீண்ட நேரம் ஓடிய நுனி வெளிறிப் போனால் அது ஒடுக்கமடைந்த நிலை, அதுவும் கடத்தாது.

திரவம் வெளியே படர்கிறதா? பச்சை நிலைப் பாலிஅனிலின் நீரை ஒதுக்காது. தண்ணீர் 80 சதவீதத்துக்கு மேல் போகும் கரைசல்களுக்குப் பின்னாலிருந்து மின்னழுத்தம் கொடுத்து டெஃப்லான் முனைக்கு மாறுங்கள். டோடெசைல்பென்சீன் சல்ஃபானிக் அமிலத்தால் பச்சையாக்கினால் கொஞ்சம் ஒதுக்கும், ஆனால் எதிர்மின்முறையில் 325.18-இல் அது தலைகாட்டும்.

மிச்சக் கரைசலும் என்.எம்.பி. நனைத்த துணிகளும் ஹாலோஜன் இல்லாத கரிமக் கழிவுக் கலனுக்கு, டெஃப்லான் ஏ.எஃப். கரைசல் தனிக் கலனுக்கு. பூசிய முனைகளை நுனி எதிலும் படாதபடி மூடிய பெட்டியில் நிறுத்தி வையுங்கள். எடுத்துப் பார்க்கும்போது பச்சை மங்கியிருந்தால் ஏழாம் படியை மட்டும் மறுபடி செய்யுங்கள், குமிழ்ச் சோதனையையும் ஒருமுறை.